போர் கடந்து சென்ற தீவுகள்: யாழ்ப்பாணத் தீவகத்தின் இழப்புகள்

இரண்டாம் உலகப் போர் 7 கோடிக்கும் அதிகமான உயிர்களைப் பலி கொண்டது என்றும், சீனத்தின் தைப்பிங் கிளர்ச்சியில் (1850–1864) மாண்டோர் 2 கோடிக்குக் குறையார் என்றும் வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கை உள்நாட்டுப் போரில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு கூறுகிறது. இத்தகைய பெருந்தொகைகள் யாவும் சிறு ஊர்களிலும் துறைகளிலும் நேர்ந்த சாவுகளின் கூட்டலே என்பதையும், அச்சிறு எண்களிலேயே ஐயம் தொடங்கிவிடுகிறது என்பதையும் காண்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவகம் தக்க இடம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றைச் சேர்த்துச் சுட்டும் பெயரே தீவகம். இத்தீவுகளுக்காக எவரும் போர் தொடுத்ததாகச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்கவும் காக்கவும் நடந்த போர்கள் இவற்றின் வழியே சென்றன, அதற்கான விலையை இங்கு வாழ்ந்தோர் கொடுத்தனர்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரில் ஒரு கடற்கோட்டையை எழுப்பினர். குடாக்கடலுக்குள் நுழையும் கலங்களுக்கு அதுவே வாயிற்காவல். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டபோது இந்தக் கடற்கோட்டையையும் வளைத்தனர். உள்ளிருந்தோர் குடிநீர் இன்றிச் சரணடைந்தனர். மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்த யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாண்டு ஜூனில் வீழ்ந்தது. அப்போரின் வேரோ ஐரோப்பாவில் இருந்தது. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து ஒல்லாந்தர் நடத்திய எண்பதாண்டுப் போரின்போது, 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பானிய முடியின் கீழ் இருந்ததால், போர்த்துக்கேயரின் ஆசியத் துறைமுகங்களும் ஒல்லாந்தரின் இலக்குகளாயின. வென்றவர்கள் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் ஊர்காவற்றுறைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவ்விரு நகரங்களும் அதே போரில் முற்றுகைக்கு உள்ளாகிப் பசியால் வாடியவை.

இருபதாம் நூற்றாண்டுப் போரின் காரணங்கள் பரவலாக அறியப்பட்டவை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், 1981இல் யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலை வன்முறை என்று அரசியல் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட, ஆயுதம் முன்னுக்கு வந்தது. ஆயினும் இக்காரணங்கள் போர் ஏன் மூண்டது என்பதை மட்டுமே விளக்குகின்றன. ஆயுதம் ஏந்தாதோர் இத்தனை பேர் ஏன் மாண்டனர் என்பதற்குப் பழிவாங்கலின் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

1985 மே மாதத்தின் ஒரே வாரம் அதைக் காட்டப் போதுமானது. அம்மாதம் 9ஆம் திகதியை ஒட்டி வல்வெட்டித்துறையில் ஏறத்தாழ 70 தமிழ்ப் பொதுமக்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். 14ஆம் திகதி விடுதலைப் புலிகள் அநுராதபுரத்துள் புகுந்து, ஸ்ரீ மகா போதியில் வழிபட்டோர் உட்பட 146 பேரைக் கொன்றனர். மறுநாள் காலை நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்ட ‘குமுதினி’ என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சியம் அளித்தனர். பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு, தம் பெயரையும் வயதையும் ஊரையும் உரத்துச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, கத்தியாலும் கோடரியாலும் வெட்டப்பட்டனர்; முன்னால் சென்றவரின் அலறல் பின்னால் இருப்போருக்குக் கேட்காதிருக்கவே அந்த உரத்த குரல் வேண்டப்பட்டது. மாண்டோரில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். சர்வதேச மன்னிப்புச் சபை குறைந்தது 23 பேர் என்று பதிவு செய்தது. ஊரவரின் பட்டியல்கள் முப்பதுக்கும் மேல் செல்கின்றன. நெடுந்தீவாருக்கு அந்தப் படகு வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் செல்லும் ஒரே பொது வழியாக இருந்தது என்பதை இங்கு அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அதில் ஏற அஞ்சுவது வெளியுலகையே துறப்பதற்கு ஒப்பாகும். பழுது பார்க்கப்பட்ட அதே படகில் மக்கள் மீண்டும் பயணம் செய்யவே நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1986 ஜூன் 10 அன்று, மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர்.

1990இல் புவியியல் மீண்டும் தீவகத்தைப் போருக்குள் இழுத்தது. புலிகள் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தனர். குடாக்கடலுக்கு அப்பால் கோட்டைக்கு நேரெதிரே கிடக்கும் மண்டைதீவு, உள்ளிருந்த படையினரை மீட்கச் செல்வோருக்கு இயல்பான படித்துறையாக அமைந்தது. ஓகஸ்டில் தீவகத்தில் தரையிறங்கிய இராணுவத்தினர் மண்டைதீவிலும் ஊர்காவற்றுறைத் தீவைச் சேர்ந்த அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் சென்ற இளைஞர் பலர் திரும்பவே இல்லை. எந்தக் கோட்டைக்காக இது நிகழ்ந்ததோ, அதைவிட்டுச் செப்டம்பர் இறுதியில் இராணுவம் வெளியேறியது. அடுத்த மாதம் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் சில மணி நேர அவகாசத்தில் விரட்டினர். தலைமுறைகளாகக் கூடி வாழ்ந்த ஒரு சமூகத்தை வேரோடு பெயர்த்த அச்செயலைப் போரின் தேவை என்று எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

1991 ஒக்டோபரில் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்திரளாகக் குடாநாட்டுக்கு ஓடினர். 1995 வரை குடாநாடு புலிகளிடமும் தீவகம் படையினரிடமும் இருந்தமையால், வேலணையை யாழ்ப்பாண நகருடன் இணைக்கும் பண்ணைத் தாம்போதி, அதாவது ஆழமற்ற கடலைத் தூர்த்துப் போட்ட பாதை, போர்முனையாயிற்று. ஒரே குடும்பத்தின் முதியோர் தீவிலும் பிள்ளைகள் நகரிலுமாகப் பிரிந்தனர். 2006 ஓகஸ்டில் புலிகள் அல்லைப்பிட்டிப் பக்கம் இறங்கியதை அடுத்து நடந்த எறிகணை வீச்சில், பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களுள் பலர் மாண்டனர். காயமுற்றோரை மீட்க உதவிய பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் 20ஆம் திகதி தம் உதவியாளருடன் காணாமற்போனார்.

குமுதினிப் படுகொலைக்காக இதுவரை எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. தீவகத்தின் மொத்த இழப்பைக் கணக்கிட முயல்வோருக்கு வேறொரு தடையும் உண்டு. 1991இல் தீவுகளை விட்டோருள் பலர் 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தையும் விட்டு வன்னிக்குச் சென்றனர். வன்னியில் நடந்த போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. அத்தொகைக்குள் அடங்கும் புங்குடுதீவாரும் வேலணையாரும் நெடுந்தீவாரும் வன்னியிலுள்ள முல்லைத்தீவின் இழப்பாகவே எண்ணப்படுகின்றனர்.