கட்டியங்காரனும் கருப்பனும்

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரிக் கிராமங்களில், மாரியம்மன் பண்டிகையை ஒட்டிக் கூத்து வைக்கும் இரவுகளில் விடியும்வரை கண்விழித்துக் குந்தியிருந்த குடியானவனுக்கும் நெசவாளிக்கும், அழுவதற்கு ஓர் அரசன் வேண்டும், சிரிப்பதற்குச் சாமானியனே போதும் என்ற நியதி நெடுங்காலம் பழகிப்போயிருந்தது. நாடிழந்து, மனைவியை விற்று, வீரபாகுவின் அடிமையாகி, அரிச்சந்திரன் சுடலை காக்கும் மயான காண்டத்தில் ஊரே விம்மும். ஆனால் அந்த அரசன் இறங்கிவந்து சேர்ந்த நிலையோ, எதிரே அமர்ந்திருந்த பண்ணையாளுக்குப் பிறந்த நாள் முதல் வாய்த்திருந்த நித்திய வாழ்க்கை. அந்தப் பண்ணையாளின் சாயலோடு அரங்கேறியவன் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒருவனே. அவனுடைய பசியும் கடனும் பரிகாசத்துக்குத்தான் பயன்பட்டன.

இந்த நியதியை நெகிழ்த்தியவள் நல்லதங்காள் என்பது என் அபிப்பிராயம். பெயரளவில் அவளும் அரசகுலத்தவள்தான். எனினும் பஞ்சம் தாளாமல் ஏழு பிள்ளைகளோடு பிறந்தகம் தேடி வந்து, அண்ணி மூளியலங்காரியின் கொடுமையால் மனமொடிந்து, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிற வேளையில், அவளிடம் ராஜகளை என்று எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் அவள் கதையை நாடகமாக எழுதினார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் புராணமாகத் தோன்றியிருக்காது.

அரச வேஷத்தை அறவே நீக்கியவர், நாடகாசிரியர் அல்லாத ஒரு சேலத்து வக்கீல். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, அங்கிருந்து 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகையைக் கல்கியின் துணையோடு நடத்தினார். அவர் எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ கதையே ஆயினும், அதன் கட்டுக்கோப்பு நாடகத்துக்குரியது. கடன் வாங்கி வண்டி வாங்கிய கருப்பன் கள்ளில் விழுகிறான். கடன்காரர் வீட்டுப் பிள்ளையின் வலையில் மனைவி பார்வதி சிக்குகிறாள். கத்தி, கச்சேரி, சிறை, ஊர் வாய் என்று வளர்ந்த வினை அவள் தற்கொலையில் முடிகிறது. கட்டியங்காரனின் கடனும் குடியும் இங்கே சிரிப்புக்கு இடமளிப்பதில்லை. 1949-ல், ஒரு விற்பனையாளனின் சாவை நியூயார்க் மேடையேற்றிய ஆர்தர் மில்லர், அரசனைப் போலவே சாமானியனும் சோக நாயகனாகத் தகுந்தவன் என்று கட்டுரை எழுதி வாதாட வேண்டியிருந்தது. ராஜாஜியோ வாதம் எதுவும் செய்யாமல், நேரே கருப்பனின் குடிசைக்குள் நுழைந்துவிட்டார்.

சோகக் கதை எழுதிய கையே சட்டமும் எழுதியது இதன் விசேஷம். சென்னை ராஜதானியின் பிரதமரானதும் ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைத் தம் சேலம் ஜில்லாவிலேயே தொடங்கினார். மறு வருஷமே விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. பார்வதியை அழித்த காரணங்களுள் கள்ளுக்கும் கடனுக்கும் இவ்வாறு பரிகாரம் தேடப்பட்டது. மூன்றாவதான ஊர் வாய்க்கு எந்தச் சட்டசபையிலும் மசோதா கொண்டுவர இயலாது. கதையின் கடைசிப் பகுதி இன்றும் சுடுவது அதனால்தான். சிங்கீதம் சீனிவாசராவ் இக்கதையை ராஜாஜியின் சொந்த ஊரான தொரப்பள்ளியிலேயே படமாக்கி 1974-ல் வெளியிட்டபோது, கதாசிரியர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. 1971-ல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டதை அவர் உயிரோடிருந்தே பார்த்துவிட்டார்.