பின்னற் கலையும் பெண்டிர் உழைப்பும்

ஆடையின் வரலாற்றைத் தமிழர் எழுதப் புகுந்தால் தறியிலிருந்து தொடங்குவதே வழக்கம். காஞ்சிப் பட்டும் ஆரணிப் பட்டும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் நமக்குப் பெருமை தருவன. ஆனால் தறியின் துணை சிறிதும் இன்றி, ஒரு கொக்கி ஊசியையோ இரண்டு நீண்ட ஊசிகளையோ கொண்டு வீட்டுப் பெண்கள் பின்னிய போர்வைக்கும், தலையணை உறைக்கும், குழந்தையின் கம்பளிச் சட்டைக்கும் வரலாறு உண்டு என்று நாம் எண்ணுவதில்லை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வானொலிப் பெட்டியின்மேல் அந்நாளில் விரித்த பின்னல் விரிப்போ, சதுரம் சதுரமாய் இணைத்த போர்வையோ, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் இன்றும் கிடக்கக் கூடும். யார் செய்தது என்று வினவினால், "சும்மா இருந்த நேரத்தில் பின்னியது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை சரியானதுதானா என்று வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்தலும் பின்னுதலும்

தமிழ் மொழி இவ்விரு தொழில்களையும் தெளிவாகப் பிரித்தறிந்துள்ளது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்குக் குறுக்கே ஊடை நூலைச் செலுத்துவது நெய்தல். ஒரே நூலை வளையமாக்கி, அவ்வளையத்தினூடே அடுத்த வளையத்தை இழுத்துக்கொண்டே போவது பின்னுதல். இரண்டு ஊசிகளால் பின்னும்போது ஒரு வரிசையின் வளையங்கள் யாவும் ஊசியிலேயே காத்து நிற்கும். கொக்கி ஊசியால் செய்யும் குரோஷே வேலையில் ஒவ்வொரு வளையமும் அப்போதைக்கப்போதே முடிந்துவிடும். ஆதலின், சிறு சிறு சதுரங்களாகப் பின்னிப் பின்னர் இணைத்துப் பெரிய போர்வையாக்குதல் குரோஷேயில் எளிது.

பின்னிய துணி நெகிழ்ந்து கொடுக்கும். வளையங்களுக்கிடையே காற்றைத் தேக்கி வைப்பதால் உடலின் வெப்பத்தைக் காக்கும். அதனைப் பிரித்தால் நூல் மீண்டும் கைக்கு வந்துவிடும். வளர்ந்த பிள்ளைக்குச் சிறியதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசி, சுருக்கம் நீங்கத் தொங்கவிட்டு, அடுத்த குழந்தைக்கு அதே நூலில் வேறொன்று பின்னிய சிக்கனம் இதனாலேயே இயன்றது.

நூலுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சிறு விளக்கின் ஒளியில் இரவிலும் விழித்திருந்து பஞ்சோடு பணிபுரியும் பெண்ணைப் புறநானூற்றின் 326ஆம் பாடல் காட்டுகிறது. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் ஆகிய துணிகள் மதுரையின் அறுவை வீதியில் அடுக்கடுக்காய் இருந்தமையைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகிறது. மயிர்த் துணியாகிய கம்பளி நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஊசிப் பின்னலோ பிற்காலத்தே வந்தது. இரண்டு ஊசிப் பின்னலின் மிகப் பழைய சான்றுகள் எகிப்து நாட்டில் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கிடைத்துள்ளன. குரோஷே இன்றைய வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயாம்.

நாகர்கோவிலில் ஒரு திண்டு

நூலைப் பின்னி ஆக்கும் கண்ணறைத் துணியைக் குமரி, நெல்லை மாவட்டத்தார் 'ரேந்தை' என்பர். சாவி, மேசை, அலமாரி ஆகியவற்றைப் போலவே இதுவும் போர்த்துகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். எனினும் இத்தொழில் தென்கோடித் தமிழ்ப் பெண்களிடையே வேரூன்றியது இலண்டன் மிஷன் சங்கத்தார் வந்த பிறகேயாகும்.

சார்லஸ் மால்ட் என்னும் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819இல் நாகர்கோவிலை அடைந்தனர். அங்கு உருவான பெண்கள் உறைவிடப் பள்ளியில் 1821 அளவில் மார்த்தா அம்மையார் ரேந்தை வேலையைக் கற்பிக்கத் தொடங்கினார். உறுதியாக அடைத்த ஒரு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவ்வூசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது. தலையணை போன்ற திண்டின்மேல் செய்வதால் ஆங்கிலேயரும் அதற்குத் தலையணை ரேந்தை என்னும் பொருள்படவே பெயர் வழங்கினர். தலைசாய்த்து உறங்குதற்குரிய பொருளின் வடிவமே உழைப்பின் கருவியாயிற்று.

அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அரசு அதனை முற்றாக ஒழித்தது 1855இல்தான். ரேந்தை பின்னக் கற்ற பெண்களுள் அடிமைகளாய் இருந்தோரும் உண்டு. அவர்களுட் சிலர், தாம் பின்னியதற்குக் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். சட்டம் வந்து விடுவிக்கும் முன்னரே நூலைக் கொண்டு தளையறுத்த பெண்கள் இவர்கள்.

மற்றொன்றும் இங்கு நினையத்தக்கது. அதே வட்டாரத்தில் நாடார் முதலிய சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் தோள்மேல் சீலை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவ்வுரிமையை நாடார் பெண்டிர்க்கு வழங்கும் அரசு அறிவிப்பு 1859இல் வெளியாயிற்று. ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைக்கு அழகு செய்யும் ரேந்தையைப் பின்னிய ஊரில், தம் மேனியை மறைத்துக்கொள்ள உரிமையின்றி இருந்தோரும் வாழ்ந்தனர் என்னும் முரண்பாட்டை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

தறி நெசவு பெரும்பாலும் குலத் தொழிலாக இருந்தது. தறியமைக்க இடமும் முதலும் வேண்டும். ஊசி வேலைக்கோ ஒரு முழ இடமும் சிறிது நூலும் போதும். பரம்பரை உரிமை கொண்டாடும் குலமும் அதற்கில்லை. எதுவும் இல்லாதவர் கைக்கு அது எட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் திராவிட மொழிநூல் அறிஞர் கால்டுவெல்லை மணந்து, நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்கள் பள்ளி நிறுவி ரேந்தை வேலையைப் பரப்பினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை (1856) நாம் போற்றுகிறோம்; அவர் வாழ்ந்த அதே ஊரில் திண்டின்முன் குனிந்திருந்த பெண்களின் பெயர்களை அறியோம்.

பசியை வென்ற ஊசி

இஃது ஒரு நாட்டின் கதை மட்டுமன்று. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும்பஞ்சம் பரவியபோது, கன்னிமாடத்துத் துறவியரும் பிறரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தனர். அவ்வருவாயால் பல குடும்பங்கள் உயிர் தப்பின.

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரத்திலும் 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியாகப் பரவிய குரோஷே பெருந்தொழிலாயிற்று. அதனை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பல்லாயிரம் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னி, அவர்கள் படைப்பு கடல் கடந்து விற்றபோதிலும், வணிகர்கள் அவர்களைத் தொழிலாளர் என்று கருதவில்லை. ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசியர் என்றே கூறினர். வேளாண் கூலிப் பெண்ணுக்கு அரசு வகுத்த குறைந்த அளவுக் கூலியில் ஒரு சிறு பகுதியே அவர்களுக்குக் கிட்டியது. 'ஓய்வு நேரம்' என்னும் ஒரு சொல் கூலியைக் குறைக்கும் கருவியாகப் பயன்பட்டதை அந்நூல் எடுத்துக் காட்டுகிறது. 'சும்மா இருந்த நேரத்தில் பின்னியது' என்னும் நம் வீட்டுச் சொல்லும் இதற்கு உறவுதானோ என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மும்பையில்

சென்னையையும் மும்பையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1871இல் முழுமை பெற்றது. 1896இல் பிளேக் நோய் தாக்கிய பின், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை மாட்டுங்கா முதலிய புதுக்குடியிருப்புகளைத் திட்டமிட்டது. எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தமிழர் அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. நெல்லைச் சீமையிலிருந்து புறப்பட்ட உழைப்பாளிகளோ தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நாடினர். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்தபின் செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் மேலும் பெருகின.

ஆண்கள் அலுவலகத்திற்கும் ஆலைக்கும் சென்ற வரலாறு எழுதப்பட்டுள்ளது. அவர்களுடன் வந்த பெண்கள், உற்றார் உறவினரை ஊரில் விட்டு, மொழியறியா நகரின் சிற்றறையில் குடும்பம் நடத்தினர். மராத்திய அண்டை வீட்டார் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'கோதடி'யை அவர்கள் இங்குக் கண்டனர். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றதும் மகளிர் இதழ்களில் வந்த பின்னற் குறிப்புகளும் அவர்களுக்குத் துணையாயின. இலவம்பஞ்சுத் தலையணைக்கு உறை தைத்து, 'குட் நைட்' என்று வண்ண நூலால் எழுதி, விளிம்பில் குரோஷே பின்னிச் சேர்ப்பது அக்கால வழக்கம். 1962இல் சீனப் போர் மூண்டபோது நாடெங்கும் பெண்கள் எல்லையில் நின்ற வீரர்களுக்காகக் கம்பளி ஆடை பின்னி அனுப்பினர். கம்பளி தேவைப்படாத கடற்கரை நகரத்துப் பெண்களின் கைகளும் அப்பணியில் இணைந்தன.

மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் காய்கறி நறுக்குவோரையும் கொக்கி ஊசியோடு அமர்ந்திருப்போரையும் மும்பைவாசிகள் அறிவர். மகளிர்க்கெனத் தனி ரயில் சர்ச்கேட், போரிவலி இடையே 1992இல் ஓடத் தொடங்கியது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்து, வீட்டில் அடுப்பங்கரை காத்திருக்க, இடையிலுள்ள ஒரு மணி நேரத்திலும் கைகள் ஓயாத பெண்ணை நோக்கி, சும்மா இருந்தாள் என்று எவ்வாறு கூறுவது? தாராவியின் சிறு வீடுகளிலோ, பொத்தான் தைத்தும் மணி கோத்தும் நூல் வெட்டியும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்கள் இன்றும் உள்ளனர்.

ஆயிரம் அறைகளை மூடும் போர்வை

இவ்வுழைப்பின் அளவைக் கண்ணால் காண ஒரு வாய்ப்பு 2016இல் கிட்டியது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் மகளிர் குழுவினர், பல ஊர்களிலும் நாடுகளிலும் தனித்தனியே பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றிணைத்து, சனவரி 31ஆம் நாள், உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வை என்னும் கின்னஸ் சாதனையைப் படைத்தனர். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர்; அதாவது ஏறத்தாழ 1,20,000 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அறையில் குடும்பம் நடத்துதல் என்றால் என்ன என்பதைத் தாராவித் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய ஆயிரம் அறைகளின் தரையை அப்போர்வை மூடும். பின்னர் அது பிரிக்கப்பட்டுத் துண்டு துண்டாக எளியோர்க்குப் போர்வையாக வழங்கப்பட்டது.

நரசாபுரத்துக் குரோஷே 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப் பெயருக்குக் காப்பு கிடைத்துவிட்டது. பின்னியவர் பெயருக்குக் காப்பு செய்வது குடும்பத்தாரின் கடமை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் உள்ள பின்னல் பொருள்களை வெளியே எடுத்து, யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருக்காகப் பின்னினார் என்று மூத்தோரைக் கேட்டு எழுதி வைத்தல். ஒரு சிறு துணித் துண்டில் அதனைத் தைத்துப் பொருளின் மூலையிலேயே சேர்த்துவிடலாம். இரண்டாவது, மும்பையின் மழைக்கால ஈரத்திலிருந்து அதனைக் காத்தல். நன்கு உலர்த்தி, தொங்கவிடாது மடித்து, உலர்ந்த வேப்பிலையுடன் வைப்பது நன்று. தொங்கவிட்டால் பின்னல் தன் எடையாலேயே நீண்டுவிடும். மூன்றாவது, கையால் பின்னியதை விலைக்கு வாங்குங்கால், அதில் அடங்கிய மணி நேரத்தை எண்ணிப் பார்த்து விலை பேசுதல். கட்டிலை மூடும் ஒரு போர்வைக்கு நூறு மணி நேரமும் ஆகக்கூடும்.

நான்காவதும் ஒன்றுண்டு. இக்கலையைப் பெண் மக்களுக்கு மட்டுமன்றி ஆண் மக்களுக்கும் கற்பித்தல் வேண்டும். தானே ஒரு சாண் அளவு பின்னிப் பார்த்த பையன், தன் பாட்டியார் பின்னிய போர்வையைக் கையில் எடுக்கும்போது, அதனைச் சும்மா இருந்த நேரத்தில் வந்ததென்று ஒருபோதும் கூறமாட்டான்.