கெர்னலின் கடிகாரம்: முள்ளும் ஓட்டமும்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று மதர்போர்டில், நாணயம் போன்ற சிறு பேட்டரியின் துணையால் மின்சாரம் நின்ற பின்னும் ஓடுவது. வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதன் உயிர்நாடி. இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்றில் வந்து நிற்கும் எண் என்பதால் அந்த அலைவெண் வழக்கத்துக்கு வந்தது. மற்றது, இயக்குதளத்தின் கருவான கெர்னல் நினைவகத்தில் தானே நடத்தும் கடிகாரம். கணினியை இயக்கியதும் முதல் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதன்பின் தன் கணக்கிலேயே கெர்னல் நேரத்தை நகர்த்துகிறது. கோப்பு சேமிக்கப்பட்ட நேரம், ஒரே வங்கிக் கணக்கில் நடந்த இரு பரிமாற்றங்களில் எது முந்தியது என்ற தீர்ப்பு, இணையத்தளச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்ற சோதனை ஆகிய எல்லாம் இந்த இரண்டாவது கடிகாரத்தைக் கேட்டே நடக்கின்றன. அதைச் சரியாக ஓடவைக்கும் முறைகளை அறிய, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் கெர்னல் நல்ல சான்று.

கெர்னல் வைத்திருக்கும் நேரம் ஓர் எண்தான்: 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து உலகப் பொது நேரப்படி எண்ணப்பட்ட வினாடிகள், அவற்றோடு மிச்சமான நானோ வினாடிகள். இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம் என்ற வேறுபாட்டை அது கணக்கில் கொள்வதில்லை. ஊர் நேரமாக மாற்றித் தருவது கெர்னலுக்கு வெளியே உள்ள நேர மண்டலக் கோப்புகளின் வேலை. அந்தக் கோப்புகளின் மூலத் தரவில் கொல்கத்தா என்ற பதிவைத் திறந்தால், 1906 ஜனவரி 1 வரை நடப்பில் இருந்ததாக, உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்திய ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அது மதராஸ் உள்ளூர் நேரம். இந்திய ரயில்களை ஒருகாலத்தில் நடத்திய அந்த நேரம் இன்றைய கணினிகளுக்குள் இப்படி வாழ்ந்துகொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

கடிகாரம் பிசகுவதற்கு முதற்காரணம் படிகமே. சாதாரணக் கணினிப் படிகத்தின் அலைவெண், அதன்மேல் பொறித்த மதிப்பிலிருந்து பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் கூடியோ குறைந்தோ இருக்கும். கேட்பதற்குச் சொற்பம். ஆனால் ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருப்பதால், பத்து லட்சத்தில் 12 பங்கு பிழை இருந்தாலே நாளொன்றுக்கு ஒரு வினாடிக்கு மேல் போய்விடும். 50 பங்கு என்றால் 4.3 வினாடி. பிழை நிலையாக இருந்தால் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம். படிகமோ வெப்பத்துக்கு வளைந்துகொடுக்கும். செயலிக்கு வேலை கூடிப் பெட்டி சூடேறும்போது ஓர் ஓட்டம், இரவில் குளிர்சாதனத்தின் அடியில் வேறோர் ஓட்டம். ஆண்டுகள் செல்லச்செல்ல மூப்பும் சேரும். எனவே எந்தத் திருத்தமும் ஒருமுறை செய்து விட்டுவிடக்கூடியது அல்ல.

படிகத்தின் குறையோடு கணக்கின் குறையும் சேர்ந்துகொள்வதுண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர் வழிவந்த இயந்திரங்களில் நேரமானிச் சில்லு வினாடிக்கு 1,193,182 துடிப்புகளை எண்ணும். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குரிய அலைவெண்ணிலிருந்து பெறப்பட்டதால்தான் இந்த முழுமையற்ற எண். குறித்த எண்ணிக்கையை எட்டியதும் சில்லு செயலியைத் தட்டி அழைக்கும். கெர்னல் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று நேரத்தில் கூட்டிக்கொள்ளும். 2003இல் வெளிவந்த லினக்ஸ் 2.6, இந்தத் தட்டுகளை வினாடிக்கு நூறிலிருந்து ஆயிரமாக உயர்த்தியது. ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது 1,193.182, சில்லு ஏற்பதோ முழு எண் மட்டுமே. 1,193 என்று கொடுத்தால் தட்டு ஒரு மில்லி வினாடிக்குச் சற்று முன்பே வந்துவிடும். அதை முழு மில்லி வினாடி என்று நம்பினால் கடிகாரம் நாளொன்றுக்கு 13 வினாடி முந்தும். இத்தனைக்கும் படிகத்தின்மீது ஒரு குற்றமும் இல்லை. ஆகவே ஒரு தட்டின் நீளம் 999,848 நானோ வினாடி என்று கெர்னல் மெய்க்கணக்கு வைக்க நேர்ந்தது.

தட்டுகளை எண்ணும் முறைக்கு வேறொரு குறையும் இருந்தது. கெர்னல் வேறு அவசர வேலையில் இருந்தால் தட்டு தவறிப்போகும். தவறிய நேரம் தொலைந்த நேரம். 2006இல் வெளிவந்த 2.6.18 பதிப்பில் ஜான் ஸ்டல்ட்ஸின் மறுவடிவமைப்பு இந்த நிலையை மாற்றியது. அதன்பின் நேரத்துக்கு அடிப்படை, தட்டு அல்ல; தானாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணி. எப்போது பார்த்தாலும் எண்ணியின் இப்போதைய மதிப்பிலிருந்து கடைசியாகப் பார்த்த மதிப்பைக் கழித்தால் இடைப்பட்ட நேரம் கிடைத்துவிடும். தட்டு ஒன்று தாமதமானாலும் இழப்பில்லை. எண்ணி ஒரு சுற்று முடித்துச் சுழியத்துக்குத் திரும்பும்முன் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். 24 பிட் கொண்ட பழைய மின்மேலாண்மை எண்ணிக்கு அந்தக் கெடு 4.7 வினாடிக்கும் சற்றுக் குறைவு.

பல எண்ணிகளில் மிக விரைவானது செயலிக்குள்ளேயே இருக்கும் டி.எஸ்.சி. எண்ணி. 1993இல் பென்டியம் செயலியோடு வந்தது. ஒரு கட்டளையில் படித்துவிடலாம். ஆனால் முற்காலத்தில் செயலி மின்சாரத்தைச் சேமிக்கத் தன் வேகத்தைக் குறைத்தால் இந்த எண்ணியும் மெதுவாகும். பல உள்ளகங்கள் கொண்ட கணினியில் ஒவ்வோர் உள்ளகத்தின் எண்ணியும் வெவ்வேறு மதிப்பைக் காட்டக்கூடும். ஒரு நிரல் இங்கிருந்து அங்கே மாற்றப்பட்டால் நேரம் பின்னால் போனதுபோல் தோன்றும். புதிய செயலிகளில் வேகம் மாறினாலும் எண்ணி மாறாது என்ற உறுதி இருக்கிறது. ஆயினும் பல கணினிகளில் கெர்னல் அதை முழுதாக நம்பிவிடுவதில்லை. வேறோர் எண்ணியைக் காவலுக்கு வைத்து இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு அளவு மீறினால் டி.எஸ்.சி.யை நிலையற்றது என்று முத்திரையிட்டு ஒதுக்கிவிடுகிறது.

எண்ணியின் துடிப்புகளை நானோ வினாடிகளாக மாற்றும் இடத்தில் நுட்பம் குவிந்து கிடக்கிறது. வகுத்தல் செயலிக்குச் செலவு மிகுந்த வேலை. நேரமோ வினாடிக்கு லட்சக்கணக்கான முறை கேட்கப்படலாம். ஆகவே கெர்னல் வகுப்பதே இல்லை. துடிப்புகளை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, விடையின் இரும இலக்கங்களைக் குறித்த அளவு வலப்புறம் நகர்த்துகிறது. வினாடிக்கு 250 கோடி துடிப்பு கொண்ட எண்ணியில் ஒரு துடிப்பு 0.4 நானோ வினாடி. 24 இலக்கம் நகர்த்துவதாக வைத்தால் பெருக்கெண் 6,710,886.4 ஆக வேண்டும். முழு எண்ணாக நறுக்கினால் 6,710,886. ஓட்டத்தைத் திருத்துவது என்றால் இந்தப் பெருக்கெண்ணைக் கூட்டிக் குறைப்பதுதான். கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் திருகு ஏதேனும் உண்டென்றால் அது இந்த எண்ணே. திருகின் ஒரு பல் நகர்ந்தால் ஓட்டம் பத்து லட்சத்தில் 0.15 பங்கு, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 13 மில்லி வினாடி, மாறும். அதைவிட நுண்மை வேண்டும்போது, தேவையான நேரத்துக்கும் தான் காட்டிய நேரத்துக்கும் உள்ள மிச்சத்தைக் கெர்னல் ஒரு பேரேட்டில் சுமந்து வருகிறது. பின்தங்கினால் பெருக்கெண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது, முந்தினால் எடுத்துவிடுகிறது. அடுத்தடுத்த இரு பல்லுக்கிடையே இப்படி ஊசலாடி, சராசரியில் நறுக்கிய தசமத்தையும் ஈடுகட்டிவிடுகிறது. வினாடியில் பல முறை நடக்கும் இந்தச் சிறு கணக்கைப் போல் அழகான பகுதி கெர்னலில் குறைவு.

இவ்வளவு சிரமம் ஏன், பிழை தெரிந்தவுடன் சரியான நேரத்தை வைத்துவிடலாமே என்று தோன்றலாம். கைக்கடிகாரத்தில் முள்ளைத் திருப்புவதுபோல் கணினியில் செய்தால் கேடு விளையும். நேரம் பின்னால் தாவினால், பின்னர் எழுதப்பட்ட கோப்பு முன்னர் எழுதப்பட்டதாகிவிடும். மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி தொகுக்கும் கருவிகள் தேவையானதை விட்டுவிடும். தரவுத்தளத்தில் விளைவு காரணத்தை முந்தி நிற்கும். முன்னால் தாவினாலோ காத்திருந்த கெடுக்கள் எல்லாம் ஒரே கணத்தில் தீர்ந்துபோகும். இதனால் இடைவெளியை மட்டும் அளக்க விரும்பும் நிரல்களுக்கென, ஒருபோதும் தாவாத, பின்செல்லாத தனிக் கடிகாரம் ஒன்றையும் லினக்ஸ் தருகிறது. பொதுக் கடிகாரத்துக்குரிய நெறி, இயன்றவரை முள்ளைத் தொடாமல் ஓட்டத்தைத் திருத்துவது.

இந்த நெறிக்கு முதல் வடிவம் கொடுத்தவர்களில் பெர்க்லியின் யூனிக்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். ரிக்கார்டோ குசெல்லா, ஸ்டெஃபானோ சாட்டி இருவரும் ஒரு வலைப்பின்னலின் கணினிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் முறையை அங்கே உருவாக்கினார்கள். 4.3 பி.எஸ்.டி. பதிப்பில் வந்த 'அட்ஜ்டைம்' என்ற கெர்னல் அழைப்பு, வினாடிக்கு நூறு தட்டு ஓடும் கணினியில் ஒவ்வொரு தட்டுக்கும் 10,000 மைக்ரோ வினாடிக்குப் பதில், எடுத்துக்காட்டாக, 10,005 அல்லது 9,995 கூட்டும். நேரம் எப்போதும் முன்னோக்கியே செல்லும், சற்று விரைந்தோ சற்றுத் தயங்கியோ. பத்து லட்சத்தில் 500 பங்கு என்ற இந்த வேகத்தில் ஒரு வினாடிப் பிழையைக் கரைக்க 33 நிமிடம் பிடிக்கும்.

அடுத்த பெரும் அடியை வைத்தவர் டேவிட் மில்ஸ். வலைப்பின்னல் நேர நெறிமுறையான என்.டி.பி.யை 1985இல் அவர் ஆர்.எஃப்.சி. 958 என்ற ஆவணமாக வெளியிட்டார். பின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து பல்லாண்டு அதை வளர்த்தார். கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கு குறிப்புகளிலிருந்து பயணத் தாமதத்தையும் கடிகார வேறுபாட்டையும் பிரித்தெடுப்பது அதன் வழி. போகும் பாதையும் வரும் பாதையும் சமநேரம் எடுக்கும் என்பது அதில் பொதிந்த அனுமானம். சமமில்லாவிட்டால் வேறுபாட்டில் பாதி பிழையாகத் தங்கிவிடும். பார்வைக் குறைபாட்டோடு பிறந்து, பிற்காலத்தில் பார்வையை முழுதும் இழந்த மில்ஸ், 2024 ஜனவரி 17 அன்று மறைந்தார்.

அவருடைய 1994ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1589, திருத்தும் பொறுப்பைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. அதுவரை வெளியே ஓடும் பின்னணி நிரல் இடையிடையே கெர்னலை அழைத்துத் திருத்தும். இரு அழைப்புக்கிடையே கடிகாரம் தன்போக்கில் விலகும், மறுபடி இழுக்கப்படும். வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள்போல் இருக்கும். புதிய மாதிரியில் பின்னணி நிரல், அளந்த வேறுபாட்டை மட்டும் தெரிவிக்கிறது. கெர்னல் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. இப்போதுள்ள விலகலை வினாடிதோறும் எஞ்சியதில் ஒரு சிறு பங்காகக் கரைக்கிறது. விலகல் தொடர்ந்து ஒரே பக்கம் வருமானால் ஓட்டமே பிழை என்று கொண்டு, அடிப்படை வேகத்தையும் மெல்ல மாற்றுகிறது. முதல் திருத்தம் கரைந்து முடிந்துவிடும். இரண்டாவது நிலைத்து நிற்கும். வலைத்தொடர்பு அறுந்து மணிக்கணக்கில் சர்வர் கிட்டாமற்போனாலும் கடிகாரம் கட்டுக்குள் இருப்பது இந்த இரண்டாவதன் பயன்.

எவ்வளவு இடைவெளியில் அளப்பது என்பதிலும் ஒரு சமநிலை உண்டு. அடிக்கடி அளந்தால் வலைத்தாமதத்தின் ஏற்றத்தாழ்வையே கடிகாரத்தின் பிழையாக எண்ணி ஏமாற நேரும். அரிதாக அளந்தால் அதற்குள் வெப்பம் மாறிப் படிகம் அலைந்திருக்கும். இரண்டு கேடும் சமமாகும் இடம் பெரும்பாலும் ஆயிரம் இரண்டாயிரம் வினாடிகளை ஒட்டி அமைகிறது. அதற்குக் கீழே விலகலைப் பின்பற்றிப் பூட்டும் வளையம், மேலே வேகத்தைப் பின்பற்றிப் பூட்டும் வளையம் என இரு முறைகளும் கெர்னலில் இருக்கின்றன. வேறுபாடு 128 மில்லி வினாடியைத் தாண்டி நீடித்தால் மட்டும் மில்ஸின் பின்னணி நிரல் முள்ளைத் திருப்பத் துணிகிறது.

கெர்னல் நேரத்தோடு தன் ஐயத்தையும் சேர்த்துச் சொல்வது மெச்சத்தக்கது. கடைசித் திருத்தம் வந்ததிலிருந்து பிழையின் உச்ச வரம்பை வினாடிக்கு 500 மைக்ரோ வினாடி வீதம் கூட்டிக்கொண்டே போகும். வரம்பு 16 வினாடியை எட்டினால், ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில், தன் கடிகாரம் ஒத்திசைவில் இல்லை என்று தானே அறிவித்துவிடும்.

நேரத்தைப் படிப்பவர்களும் திருத்துபவரும் மோதிக்கொள்ளாமலிருக்க ஒரு வரிசை எண் துணைசெய்கிறது. திருத்தத் தொடங்கும்போது அதை ஒற்றைப்படையாக்கி, முடித்ததும் இரட்டைப்படையாக்குவார்கள். படிப்பவர் முன்னும் பின்னும் பார்த்து, எண் மாறியிருந்தால் மறுபடி படிப்பார். படிப்பவர் யாரும் பூட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நன்றாக வகுத்த இந்த அமைப்பும் 2012 ஜூன் 30 அன்று தடுமாறியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அன்று உலகப் பொது நேரத்தில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அப்போது ஜூலை 1 காலை ஐந்தரை மணி. 1970இலிருந்து எண்ணும் கணக்கில் லீப் வினாடிக்கு இடமில்லை. ஆகவே கெர்னல் ஒரு வினாடியைத் திரும்பச் சொல்லும். அன்று பொதுக் கடிகாரம் பின்வாங்கியது சரிதான். ஆனால் நுண்கெடுக்களை நடத்தும் உட்பிரிவுக்கு அந்தச் செய்தி போகவில்லை. அது ஒரு வினாடி முந்தியே நின்றது. ஒரு வினாடிக்குக் குறைவாகக் காத்திருக்கக் கேட்ட நிரல்களுக்கு உடனே கெடு முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அவை மறுபடி கேட்டன, மறுபடி உடனே பதில். உலகெங்கும் சர்வர்களின் செயலிகள் இந்தச் சுழலில் கொதித்தன. தேதியை அதே தேதிக்கு மீண்டும் ஒருமுறை வைத்தால் போதும், நோய் தீர்ந்தது. அந்தச் செயல் விடுபட்ட செய்தியைக் கொண்டுசேர்த்துவிடும். 1972 தொடங்கி 27 லீப் வினாடிகள் சேர்க்கப்பட்டுவிட்டன. கடைசியானது 2016 டிசம்பர் 31 அன்று.

மைக்ரோ வினாடிக்கும் கீழே போக வேண்டிய இடங்களில், சர்வரின் பதில் கெர்னலை வந்தடையும் நேரத்தில் உள்ள தடுமாற்றமே தடை. அங்கே பொட்டலம் கம்பியில் நுழையும் கணத்தை வலைத்தொடர்பு அட்டையே குறித்துவைக்கும் பி.டி.பி. நெறிமுறையும், ஜி.பி.எஸ். கருவி வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் துடிப்பைக் கெர்னல் நேரடியாகப் பிடிக்கும் முறையும் கைகொடுக்கின்றன.

ஒத்திசைவில் இருக்கும் வரை கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை தன் நேரத்தைப் பேட்டரிக் கடிகாரத்தில் எழுதிவைக்கிறது. அந்தச் சில்லு, எழுதியதிலிருந்து அரை வினாடி கழித்து அடுத்த வினாடிக்கு நகரும் இயல்புடையது. எனவே எழுதுவதும் வினாடியின் நடுவில்தான். பின்னணி நிரலும் தன் பங்குக்கு, இந்தக் கணினியின் படிகம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற ஒற்றை எண்ணை வட்டில் ஒரு கோப்பில் சேமிக்கிறது. கணினி மறுபடி தொடங்கும்போது நேரம் பேட்டரிக் கடிகாரத்திலிருந்தும் ஓட்டம் அந்தக் கோப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.