பின்பக்கம் எழுதாத படங்கள்

வாடைக்காற்று தொடங்கியதும் பருத்தித்துறைக் கரையோரத்துக்குப் பறவைகள் வருவது பழைய செய்தி. அவற்றைத் தொடர்ந்து கமெராக்களும் வருவது புதிய செய்தி. தும்பளையிலிருந்து மணற்காடு வரையும், அதற்கப்பால் நாகர்கோவில், சுண்டிக்குளம் வரையும், நீண்ட வில்லை பூட்டிய கமெராக்களுடன் விடியற்காலையில் மணலிலே குப்புறப் படுத்திருக்கும் இளைஞர்களை இப்போது காண முடிகிறது. அவர்களுள் ஆசிரியர் இருப்பார், வங்கி அலுவலர் இருப்பார், கனடாவிலிருந்து விடுமுறையில் வந்தவரும் இருப்பார். எவருக்கும் இது தொழிலன்று. எடுத்த படங்களை அன்றிரவே தமக்குள் அனுப்பிக்கொள்கிறார்கள். இது எந்த வகை உள்ளான் என்று ஒருவர் கேட்க, காலின் நிறத்தைக் கவனியுங்கள் என்று மற்றவர் பதில் அனுப்புவார்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டித் திருத்திக்கொள்ளும் இந்த வழக்கத்துக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நமது வடபகுதிக்குரிய பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. அது ஏன், அதனால் நாம் இழந்தது என்ன, இழந்ததில் எதையேனும் மீட்க முடியுமா என்பனவற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

தபாலில் சுற்றிய பெட்டி

லண்டனில் ஒளிப்படச் சங்கம் 1853இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் சங்கங்கள் தோன்றிவிட்டன. எனினும் அக்காலக் கருவிகளுக்குக் கோயிலும் கோட்டையும் அகப்பட்டன; பறக்கும் பறவை அகப்படவில்லை. காட்டுயிர்ப் படக்கலை சற்றுப் பின்னரே வந்தது. றிச்சர்ட், செறி கேர்ட்டன் என்னும் ஆங்கிலேயச் சகோதரர்கள் 1892இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளுடன் படமெடுத்தார்கள். 1895இல் அவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூலின் படங்கள் யாவும் இயற்கைச் சூழலில் நேரே எடுத்தவை. அதுவரை இத்தகைய நூல்களுக்கு ஓவியரே துணை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய ஆர்வலரிடையே ஓர் எளிய ஏற்பாடு உருவாயிற்று. ஒரு பெட்டி, அதனுள் உறுப்பினர் ஒவ்வொருவரும் எடுத்த படம், கூடவே ஒரு குறிப்பேடு. பெட்டி தபாலில் முதல் உறுப்பினரிடம் செல்லும். அவர் மற்றவர்களின் படங்களைப் பார்த்துத் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். பெட்டி ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது, தம் படத்தைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் எழுதியதைப் படித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு புதிய படத்தை வைப்பார். மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் ஒளியும் கோணமும் மாத்திரம் பேசப்படவில்லை. எந்த ஊர், எந்த மாதம், கூடு தரையிலா மரத்திலா, எத்தனை முட்டை என்ற விவரங்களும் அதில் ஏறின. இரசனைக்காகத் தொடங்கிய பரிமாற்றம், நடத்தியவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, ஓர் ஆவணமாக வளர்ந்தது.

துப்பாக்கியை வைத்தவர்கள்

ஆரம்பகாலப் படக்காரர் பலர் முன்னாள் வேட்டைக்காரர்கள். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைறஸ் இரவில் ஒளிவெடிப்பின் துணையுடன் எடுத்தவை உள்ளிட்ட 74 படங்களை நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1906 ஜூலையில் வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரி எப். டபிள்யூ. சம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, புலி தன் காலாலேயே தன்னைப் படமெடுத்துக்கொள்ளச் செய்தார். அப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927இல் வந்தது. புலியைக் கொன்று அதன்மேல் கால் வைத்து நின்று எடுத்த படங்களே பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது.

தமிழருள் இத்துறையில் முதலில் நினைக்க வேண்டியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் சில காலம் பணியாற்றியபின் எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுத்தையும் கமெராவையும் நம்பி வாழ்ந்தார். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல இடங்களிலிருந்து சேர்த்த உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு கமெராவை அமைத்துக்கொண்டார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996 பெப்ரவரி 18இல் அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் தொடர்ந்தது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பத்தியை நான்கு ஆண்டுகள் சோராமல் எழுதுவதே அரிது.

கிருஷ்ணனின் முக்கியத்துவம் அழகிய படங்களில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. 1968இல் கிடைத்த நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். அந்த அறிக்கையை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஒருவரின் படங்களும் குறிப்புகளும், அக்காலத்துக் காடுகள் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சியாயின.

தனித்து இயங்கியவர் அவர். கூடி இயங்கியவர்களும் இருந்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த டொக்டர் ஜி. தோமஸ் 1953இல் இந்திய ஒளிப்படச் சம்மேளனத்தை உருவாக்கி, சிதறியிருந்த சங்கங்களை இணைத்தார். தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட டி. என். ஏ. பெருமாள், ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் பழகித் தேர்ந்து, பின்னர் தாமும் பல இளையவரைப் பழக்கி, 2017இல் மறைந்தார். ஒருவர் படத்தை மற்றவர் மேசையில் வைத்துக் குறை சொல்லும் சங்கக் கூட்டங்களே இத்தகையோரின் பள்ளிக்கூடம்.

இலங்கையில்

வேட்டைப் பிராணிகள் அழிந்துவிடுமே என்று அஞ்சியவர்கள் கூடி 1894இல் அமைத்த சங்கமே, இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. தேவாங்கின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'லோறிஸ்' என்ற சஞ்சிகையை அது 1936இல் தொடங்கியது. காட்டுக்குச் சென்று வந்தவர்கள் கண்டதை எழுதவும் எடுத்த படத்தைக் காட்டவும் அது இடமளித்தது. கொழும்பில் 1930களில் லயனல் வென்ட் போன்றோர் ஒளிப்படச் சங்கத்தை நடத்தினார்கள். பிற்காலத்தில் நிஹால் பெர்னாண்டோ, 2015இல் மறையும் வரை, இந்நாட்டின் காடுகளையும் கரைகளையும் படங்களாகச் சேர்த்து வைத்தார். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு கள ஆய்வுப் பறவையியற் குழு தோன்றியது. இவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், இருப்பிடம் கொழும்பு.

வடக்கில் கண்கள் இல்லாமலில்லை. ஆலா எந்தப் பக்கம் கூடிப் பறக்கிறது என்று பார்த்து மீன் எங்கே என்று சொல்லும் கடற்றொழிலாளர் நம் ஊரில் வாழ்கிறார்கள். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்டபோது நாரையின் அலகைப் பனங்கிழங்கின் பிளவுக்கு ஒப்பிட்டார். பனங்கிழங்கு கிழித்துத் தின்ற எந்த யாழ்ப்பாணத்தவருக்கும் அந்தப் பறவை உடனே கண்முன் வந்து நிற்கும். கமெரா வைத்திருந்த ஆசிரியர்களும் மருத்துவர்களும் 1960களிலும் 70களிலும் இங்கு இருந்தார்கள். ஆனால் படம் அவரவர் வீட்டு அல்பத்தில் தங்கியது. சங்கிலியாக அது கைமாறவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதை நான் கண்டிருக்கிறேன். ஒரு படத்தை அச்சேற்றப் புளொக் செய்ய வேண்டியிருந்த நாட்கள் அவை. படம் மேசைக்கு வந்ததும் உதவி ஆசிரியர் அதன் முகத்தைப் பார்க்குமுன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். யார் எடுத்தது, எங்கே, எப்போது என்பன அங்கேதான் எழுதப்பட்டிருக்க வேண்டும். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடித்துத் தெரியும் என்பதால் மெல்லிய பென்சிலால் எழுதும் வழக்கம். வாசகர் அனுப்பும் பறவைப் படங்களின் பின்பக்கம் அநேகமாக வெறுமையாக இருக்கும். 'நீர்நிலையில் பறவைகள்' என்ற ஒற்றை வரியுடன் ஓரிரு படங்கள் வெளியாகும். ஏனையவை உறைக்குள் கிடந்து மங்கிப்போகும்.

முப்பதாண்டு இடைவெளி

பின்னர் வந்த காலத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 வரையான நூல்களுடன் எரிந்தது. 1987 மே மாதத்தில் வடமராட்சி மீது பெரும் படைநடவடிக்கை நடந்தது. 1990இல் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. 1995இலும் 1996இலும் மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடலே மணற்காடு முதல் சுண்டிக்குளம் வரையான ஊர்களுக்குள் புகுந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது. கரையில் கமெராவுடன் நிற்பதே ஐயத்துக்கு இடமளித்த ஆண்டுகளில் பூநாரையைப் படமெடுக்க எவர் துணிவார்?

வெளியுலகில் இக்கலை மிக விரைவாக மாறியது இதே காலத்தில்தான். பிலிம் றோலில் 36 படம் என்ற எல்லை உடைந்தது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் சாதாரண வருமானமுள்ளவரும் வாங்கத்தக்க டிஜிட்டல் கமெராக்கள் வந்தன. ஆர்வலர்களின் பறவைக் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் முயற்சிகள் பல நாடுகளிலும் எழுந்தன. பாக்குநீரிணைக்கு அப்பால், இங்கிருந்து சுமார் 65 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கோடிக்கரை 1967இலேயே சரணாலயமாயிற்று. அங்கே பறவைகளுக்கு வளையமிட்டுப் பதிவுசெய்யும் பணி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அதே பறவைகளை வரவேற்கும் நம் கரையில் பதிவேடு மூடிக் கிடந்தது.

இதனால் நட்டம் என்ன என்று கேட்கலாம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இந்த இரு ஆண்டுகளுக்கும் இடையில் அங்கே என்னென்ன பறவை வந்தது, எது வராமல் நின்றது என்று காட்டப் படங்கள் மிகச் சிலவே. மணற்காட்டு மணற்குன்றுகளிலிருந்து மணல் அள்ளப்படுகிறது என்ற முறைப்பாடு அடிக்கடி எழுகிறது. முன்பு குன்று எவ்வளவு உயரம், மணல் மூடிய பழைய தேவாலயச் சுவர் எவ்வளவு தெரிந்தது என்று நிறுவ வேண்டுமானால் தேதியிட்ட பழைய படம் வேண்டும்.

மன்னாரை எண்ணிப் பாருங்கள். அங்கு தம்பபவனி காற்றாலை 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அதானி நிறுவனத்தின் அடுத்த திட்டத்தை எதிர்த்து 2024இல் நாட்டின் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தாக்கலாயின. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வான்வழி அந்த வாதங்களில் முக்கிய இடம் பெற்றது. கட்டண விகிதத்தை அரசு மீளப் பேச முற்பட்ட சூழ்நிலையில் 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. முடிவுக்குக் காரணம் எதுவாயினும் ஒன்று தெளிவு. பறவை இவ்வழியே வருகிறது என்று சொல்பவரிடம் ஆண்டுதோறும் எடுத்த பதிவு இருந்தால்தான் அவர் சொல் எடுபடும். நாளை வடமராட்சி கிழக்கில் இத்தகைய கேள்வி எழுந்தால் நாம் எதைக் காட்டப் போகிறோம்?

எதைப் பகிர்வது, எதை மறைப்பது

பகிர்தலுக்கும் ஒழுங்கு உண்டு. அனைத்துலக ஒளிப்பட அமைப்புகள் மூன்று 2014இல் கூடி இயற்கைப் படம் என்றால் என்ன என்பதற்குப் பொது வரையறை வகுத்தன. கண்டதை மாற்றாமல் காட்டுவதே அதன் சாரம். லண்டனில் நடத்தப்படும் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய், பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். சாட்சி பொய்யானால் படத்தின் அழகு பயனற்றது.

நமக்கு இன்னும் அண்மையான கவலைகள் உண்டு. இரை தேடும் பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோனை இறக்கி, அவை மிரண்டெழும் காட்சியைப் படமாக்குவோர் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் செலவு. முட்டையுள்ள கூட்டின் இடத்தை ஊரறியச் சொன்னால் நாளை அங்கே பத்துப் பேர் நிற்பார்கள். காகமும் நாயும் அவர்களைத் தொடரும். கூட்டின் இடத்தை நம்பகமானவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஊரையும் மாதத்தையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். பறவையின் காலில் வளையம் தெரிந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் கட்டாயம் குறியுங்கள். அது எங்கே வளையமிடப்பட்டது என்பதை அதைக்கொண்டு அறியலாம்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் 1983க்கு முந்தைய அல்பமோ, ஸ்லைட் பெட்டியோ இருக்கக்கூடும். குடும்பத்தார் மணற்காட்டில் நின்று எடுத்த படமாக இருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் தெரியும் குன்றையும், நீரில் நிற்கும் நாரையையும் இதுவரை எவரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரதி எடுத்து, இன்று கரையில் நின்று படமெடுக்கும் இளையவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள்.

அனுப்புமுன் வீட்டில் மூத்தவர் இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, மழைக்கு முன்னா பின்னா, அந்தப் பறவைக்கு அங்கே என்ன பெயர் என்று அவர் சொல்வதைப் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.