காணி என்னும் சொல்லின் வழி

பழந்தமிழ் அகராதியைப் புரட்டினால் 'காணி' என்னும் ஈரெழுத்தைத் தாங்கிய சொற்கள் பல எதிர்ப்படும்: அரைக்காணி, முக்காணி, காணிக்கடன், காணியாளன், காணியாட்சி, வைத்தியக்காணி, தச்சக்காணி. எழுத்து ஒன்று, பொருளோ ஒன்றன்று. காவிரி நாட்டு வரலாற்றில் பெரும்பகுதி இச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்ற பிள்ளைக்குக் காணி என்பது ஒரு கணக்கு. ஒன்றை எண்பது கூறிட்டால் ஒரு கூறு காணி. அதில் பாதி அரைக்காணி. எண்பதில் மூன்று கூறு முக்காணி. இதே கணக்கைச் சோழர் நிலத்தின்மேல் ஏற்றினர். ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. மாவில் நாலில் ஒரு பங்கு காணி. தஞ்சை வட்டாரத்தில் மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆகவே இக்கணக்குப்படி காணி எட்டுச் சென்ட்டைச் சற்றே தாண்டும். தொண்டைமண்டலத்துக் காணியோ ஏறக்குறைய 1.32 ஏக்கர். பாரதியார் பராசக்தியிடம் கேட்ட காணி நிலம் எவ்வளவு என்று மாணவர் வினவுவதுண்டு. தஞ்சைக் கணக்கில் அளந்து கொடுத்திருந்தால் கவிஞரின் மாளிகையும் தென்னஞ்சோலையும் நெருக்கியடித்துக் கொண்டுதான் நின்றிருக்கும்!

அளவுக்கு அப்பால் வேறொரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. அதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஐ ஒட்டி, தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நீண்ட பட்டியல் கல்லில் வெட்டப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரும், நட்டுவர், இசைவாணர், கணக்கர், தச்சர், தையற்காரர், நாவிதர் முதலானோரும் அதில் இடம்பெறுகின்றனர். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய நூறு கலம் நெல். அதனை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். பணி செய்பவர் இறந்தால் என்ன செய்வது? அடுத்த உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையேல் உடன் பணிபுரிவோர் தக்காரைத் தேர்ந்தெடுப்பர். இங்கே காணி என்பது நிலமன்று. தொழிலோடு பிணைந்த வாழ்வுரிமை. வைத்தியக்காணியும் தச்சக்காணியும் இவ்வழியில் வந்தவையே. வைத்தியம் செய்பவனுக்கும் மரம் இழைப்பவனுக்கும் ஊர் விளைச்சலில் பங்கு உண்டு என்பதை அச்சொற்களே சொல்லிவிடுகின்றன.

பிற்காலச் சோழர் நாளில் நிலை மாறியது. காணி விலைக்கு விற்கவும் வாங்கவும் பட்டது. கீழ்க்காவிரிப் பகுதியில் தனியார் நிலவுடைமை வளர்ந்ததைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா விளக்கியுள்ளார். தொழிலை விட்டு உரிமை மட்டும் பிரிந்து நின்றது எனலாம். பின்னர்ச் சொல்லும் பெயர்ந்தது. மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த 'மிராசு' காணியாட்சியின் இடத்தைப் பிடித்தது. 1799-இல் தஞ்சை நாடு கும்பினியார் ஆட்சிக்குள் சென்றபின், மிராசு என்பது யாது என்ற வினா அதிகாரிகளை வாட்டியது. 1818-இல் அச்சான தம் ஆய்வுரையில் எல்லிஸ் துரை, அது பழைய காணியாட்சியே எனக் காட்டினார்.

இத்தனை காணிகளுள் நாற்று நட்டவர்க்கும் சேறு மிதித்தவர்க்கும் உரிய காணி எது? பண்ணையாளின் பெயரோடு அச்சொல் சேர்ந்து வருவதைக் காண்பது அரிது. தச்சனுக்குப் பங்கு எழுதிய கல், உழவுக் கூலிக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. 1952-இல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, அவரை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது. குடிசை நின்ற மனையை அதில் வாழ்ந்தவர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. பெரிய கோயிற் கல் வெட்டப்பட்டு அப்போது 950 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.