டேல்

டேல் என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். இருபுறமும் மேடு உயர, நடுவே ஆறோ ஓடையோ ஓடும் அகன்ற தாழ்நிலத்தை இது சுட்டும். இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘வெலி’ என்ற சொல் இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்தின் தெற்கு எல்லைப்புறத்திலும் மட்டும் டேல் பேச்சுச் சொல்லாக நிலைத்தது. மற்ற இடங்களில் கவிதையிலும் ஊர்ப்பெயர்களிலும் தங்கியது. பிரித்தானியத் தோட்டக்காரர்கள் வழியாக இலங்கை மலையகத்துக்கும் நீலகிரிக்கும் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளை எஸ்க்டேல், ராகலைப் பகுதியின் லிடஸ்டேல் ஆகிய தோட்டப் பெயர்களில் இன்றும் வழங்குகிறது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் குறிலோசையுடன் ஒலித்தது. பள்ளத்தாக்கு என்பதோடு ஆழ்ந்த குழி, படுகுழி என்ற பொருள்களும் அதற்கு இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டினேவியரின் மொழியிலும் இதே வேரிலிருந்து பிறந்த ‘டால்ர்’ என்ற சொல் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கியதால் வடக்கில் டேல் வேரூன்றியது. தெற்கில் ‘டீன்’, ‘கூம்’ போன்ற சொற்களே ஊர்ப்பெயர்களில் மிகுந்திருந்தன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் இலத்தீன வேர்கொண்ட ‘வேல்’, ‘வெலி’ ஆகியவை பிரெஞ்சு வழியாக நுழைந்தன. சிறு பள்ளத்தைக் குறிக்கும் ‘டெல்’ டேலின் நெருங்கிய உறவு. ‘வேல்’ ஓசையில் ஒத்திருந்தாலும் வேறு குடும்பம்.

ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு ‘தால்’. உலகம் அன்றாடம் உச்சரிக்கும் இரண்டு சொற்கள் இதிலிருந்து வந்தவை. 1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளால் அந்தத் தொல்மனித இனம் நியாண்டர்தால் எனப்பட்டது. பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிக்கப்பட்ட நாணயம் ‘யோவாகிம்ஸ்தாலர்’ எனப்பட்டு, ‘தாலர்’ எனச் சுருங்கி, டச்சு மொழி வழியாக ‘டொலர்’ ஆனது. ஆகவே, இலங்கைத் தேயிலையின் ஏற்றுமதி வருமானம் கணக்கிடப்படும் நாணயத்தின் பெயருக்குள்ளும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது.

பொருள்கள்

1. ஆறு ஓடும் அகன்ற பள்ளத்தாக்கு. வட இங்கிலாந்தில் ஆற்றின் பெயருடன் சேர்ந்து வரும்: எயார் ஆற்றின் பள்ளத்தாக்கு எயார்டேல், ஸ்வேல் ஆற்றினுடையது ஸ்வேல்டேல். யோர்க்‌ஷயர் டேல்ஸ் பகுதி 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் ‘டேல்ஸ்மென்’ எனப்பட்டனர்.

2. கவிதை வழக்கில், மலையோடு இணைந்து வரும் ‘ஹில் அண்ட் டேல்’ (மலையும் பள்ளமும்) என்ற மரபுத்தொடரின் பாதி. மேடும் பள்ளமுமாகப் பரந்த நாடு முழுவதையும் அத்தொடர் குறிக்கும். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கிப் பள்ளம் வெட்டிய முறைக்கும் இத்தொடரையே பெயராக வைத்தனர்.

3. ஊர்ப்பெயரிலிருந்து பொருட்பெயர். எயார்டேல் நாய், கிளைட்ஸ்டேல் பாரக்குதிரை, வென்ஸ்லிடேல் பாற்கட்டி ஆகியவை பிறந்த பள்ளத்தாக்குகளின் பெயரைத் தாங்கியவை. 1844இல் நெசவாளர் முதலான தொழிலாளர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்த ரொச்டேல் நகரம் கூட்டுறவு இயக்க வரலாற்றில் நிலைத்த பெயர்.

4. பொதுவயலில் ஒருவருக்குரிய நிலப்பங்கு. இது எழுத்தில் மட்டும் ஒத்த வேறு சொல். ‘பங்கு’ எனப் பொருள்படும் நெடிலோசைச் சொல்லிலிருந்து வந்தது.

மயங்கத்தக்க பெயர்கள்

‘டால்’ என்று தொடங்கும் ஸ்கொட்லாந்துப் பெயர்களை எல்லாம் டேலுடன் சேர்க்கக் கூடாது. அவற்றில் பல, ஆற்றோரப் புல்வெளியைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல்லைக் கொண்டவை. சிவனொளிபாதமலை அடிவாரத்தில் உள்ள டல்ஹவுசியின் பெயரில் டேல் இல்லை. கிளென்லயன், கிளென்கேர்ன் போன்ற தோட்டப் பெயர்களில் உள்ள ‘கிளென்’ என்பதும் கேலிக் சொல்லே. மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கு அது. ஸ்ட்ராத்டன், ஸ்ட்ராத்ஸ்பே ஆகியவற்றின் ‘ஸ்ட்ராத்’ அகன்ற ஆற்றுவெளி. ஹட்டன், மஸ்கெலியா, டயகம பக்கங்களில் கிளெனும் ஸ்ட்ராத்தும் தென்படுவது, தோட்டம் திறந்தவர்களில் ஸ்கொட்லாந்தின் வடபகுதியினர் பலர் இருந்ததைக் காட்டுகிறது. டேல் எல்லைப்புறத்தின் முத்திரை.

ராகலைப் பகுதியில் டேல்

ராகலை, நுவரெலியாவுக்குக் கிழக்கே கந்தப்பளையைத் தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் உள்ள தோட்டக் கடைவீதி. இப்பகுதி மலைகள் முதலில் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்களே காட்டை வெட்டினர், கன்று நட்டனர், பாதை போட்டனர். பெயர் வைக்கும் உரிமை மட்டும் துரைமாரிடம் இருந்தது. காட்டுக்கு ஏற்கெனவே இருந்த சிங்களப் பெயர்கள் சில தோட்டங்களுக்கு நிலைத்தன. பலவற்றுக்குத் துரைமார் தம் ஊர், ஆறு, கோட்டை, தாம் விரும்பிப் படித்த கதை ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டினர். வோல்டர் ஸ்கொட்டின் நாவலான ‘வேவர்லி’யும், அவர் வீடான அபட்ஸ்ஃபோர்டும் மலையகத்தில் தோட்டங்களாயின.

ராகலையிலிருந்து ஹல்கரனோயா பக்கம் உள்ள லிடஸ்டேல், ஸ்கொட்லாந்து–இங்கிலாந்து எல்லையில் லிடெல் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் பெயர். ஆர்ம்ஸ்ட்ரோங், எலியட் முதலிய குலங்கள் இரவோடிரவாக மாடு கவர்ந்துவந்த கொள்ளை நாடு அது. அங்கே ஹெர்மிட்டேஜ் கோட்டை இன்றும் நிற்கிறது. 1790களில் வோல்டர் ஸ்கொட் அப்பள்ளத்தாக்கில் அலைந்து வாய்மொழிக் கதைப்பாடல்களைத் திரட்டினார். இப்பெயரில் ஒரு புதுமை உண்டு. ‘லிடெல்’ என்பதே ‘இரைச்சலிடும் ஆற்றின் டேல்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல் எனப் பெயராய்வாளர் கொள்கின்றனர். காலப்போக்கில் பொருள் மறந்து அது ஆற்றின் பெயராக நின்றபோது, பின்னால் இன்னொரு டேல் ஒட்டிக்கொண்டது. ‘நடுச்சென்டர்’ என்று நாம் சொல்வது போன்ற இரட்டிப்பு இது.

கந்தப்பளை எஸ்க்டேலின் பெயரில் உள்ள எஸ்க், நீர் எனப் பொருள்படும் பழைய கெல்டிக் சொல்லின் வழிவந்தது. இப்பெயரில் பிரித்தானியாவில் பல ஆறுகளும், ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்க்டேல்களும் உள்ளன. அவற்றுள் ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறத்து எஸ்க்டேல் லிடஸ்டேலுக்கு அயல். லிடெல் ஆறு அந்த எஸ்க் ஆற்றில்தான் கலக்கிறது. அங்கே பக்கத்துப் பள்ளத்தாக்குகளாக உள்ள பெயர்கள் இங்கே ஒரே மலைப்பகுதித் தோட்டங்களாக உள்ளன. எல்லைக்கு அப்பால், நோதம்பர்லாந்தின் கோட்டை நகரான அனிக்கின் பெயரும் உடப்புசல்லாவைப் பக்கம் தோட்டமாக உள்ளது.

இப்பெயர்களைப் பரப்பியதில் புகையிரதத்துக்கும் பங்குண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலைக்கு 2 அடி 6 அங்குல அகலமுள்ள சிறு புகையிரதப் பாதை 1903–04இல் திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கின. அரிசியும் உரமும் ஏறின. வீதிப் போக்குவரத்தின் போட்டியில் நலிந்து, 1948க்குள் அது முற்றிலும் மூடப்பட்டது.

நிலமும் சொல்லும்

யோர்க்‌ஷயரின் டேல்களில் மக்கள் அடிநிலத்தில் குடியிருப்பர். புல்லும் பண்ணையும் அங்கேதான். ராகலைப் பகுதியின் தோட்டங்களில் வாழ்வு சரிவில் நடக்கிறது. தேயிலை மலையின் முகத்தில் ஏறுகிறது. அடியில் ஓடையும் சதுப்பும் மரக்கறித் துண்டுகளும் கிடக்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியலில் பூப்பனி புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும்; வெயில் ஏறியதும் பள்ளத்துத் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் வெந்ததுபோல் கருகும். அதே வேளை மேல்மலை தப்பியிருக்கும். ஊவாப் பக்கத்திலிருந்து ஆடி, ஆவணியில் அடிக்கும் வறண்ட காற்று இப்பகுதித் தேயிலைக்கு மணம் கூட்டுகிறது. அதனால் உடப்புசல்லாவை இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களுள் ஒன்றாகத் தனித்து எண்ணப்படுகிறது.

இந்நிலத்தைப் பிரித்துச் சொல்ல மலையகத் தமிழில் டேலுக்கு வேலை இல்லை. கொழுந்து பறிக்கும் நிலத்துண்டு எதுவாயினும் ‘மலை’தான், அதற்கு ஓர் எண். தோட்டத்தின் பிரிவு ‘கணக்கு’: உயரத்தில் உள்ளது மேக்கணக்கு, தாழ்வில் உள்ளது பணியக்கணக்கு. “பணிய போய்ட்டு வாரேன்” என்றால் கீழே இறங்கிப் போகிறேன் என்று பொருள். பள்ளத்தாக்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் பள்ளம், ஆத்துப்பக்கம், பணிய என்பனவே வரும். டேல் தோட்டப் பெயரின் ஈற்றில் ஓசையாக மட்டும் நிற்கிறது.

தென்னிந்தியாவில்

நீலகிரி மலைப் புகையிரதப் பாதையில் கேத்திக்கும் உதகைக்கும் இடையே லவ்டேல் நிலையம் உள்ளது. 1858இல் தொடங்கப்பட்ட லோரன்ஸ் பள்ளியால் அவ்வூர் அறியப்படுகிறது. குன்னூர்ப் பக்கத்துக் கிளெண்டேல் தோட்டத்தின் பெயரில் கேலிக் பள்ளத்தாக்கும் ஆங்கிலப் பள்ளத்தாக்கும் ஒன்றாக அடைபட்டுள்ளன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல, கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் குடியேறி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தன. டேல் என்று முடியும் பெயர் அவர்களுக்கு இரு கரையிலும் கிடைத்தது.

தமிழில் வழங்கும் முறை

தமிழ் எழுத்தில் எஸ்க்டேல், எஸ்கடேல் என்றும், லிடஸ்டேல், லிடேஸ்டேல் என்றும் இப்பெயர்கள் பலவாறு எழுதப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றில் ஒருவரே வெவ்வேறு எழுத்துக்கூட்டலைச் சுமக்க நேரும்போது, அலுவலகத்தில் விளக்கம் சொல்லும் வேலை அவருடையதாகிறது. லய வரிசைகளில் வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. தோட்டப் பெயரும் கடைவீதியும் முகவரியாகி, கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாக வந்தன. அதனால் 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் போனபோதும் இப்பெயர்கள் அசையவில்லை. அண்மைக் காலத்தில் தனிக் காணியில் தனிவீடுகள் எழும் இடங்களில் புதுப்பெயர்கள் வருகின்றன. புண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018இல் கையளிக்கப்பட்ட குடியிருப்பு மகாத்மா காந்திபுரம் எனப்படுகிறது. ஆனால் அங்கு போக வழி கேட்பவர் இன்னும் டன்சினன் என்றே கேட்க வேண்டும்.