படத்தில் இல்லாத படைவீரர்கள்

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆங்கிலப் படங்கள்தான். அவற்றில் இந்தியச் சிப்பாயைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தனர்.

சுபேதார் சுப்பிரமணியன் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் பாய்ந்து படுத்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

1940-ல் டன்கிர்க்கில் கோவேறு கழுதைகளோடு பணியாற்றிய இந்தியப் படையினர், 2017-ல் வந்த 'டன்கிர்க்' படத்தில் இல்லை. விமர்சனம் எழுந்தது, ஆனால் அதற்குள் படம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2007-ல் கென் பர்ன்ஸின் 'தி வார்' ஆவணப்படத்தில் ஹிஸ்பானிய வீரர்கள் விடுபட்டபோது, ஒளிபரப்புக்கு முன்பே அம்மக்கள் குரல் எழுப்பினர். பேட்டிகள் சேர்க்கப்பட்டன.

திருவண்ணாமலை அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் ஏராளம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பதக்கமோ டிஸ்சார்ஜ் சான்றிதழோ இருந்தால், அவர் பெயர், ஊர், படைப்பிரிவு மூன்றையும் இன்றே எழுதி வையுங்கள். எழுதி வைக்காத பெயரை யாரும் படத்தில் சேர்க்க முடியாது.